தெற்குச் சுவரைச் சரிக்கிற நாள்

விசில் ஊதியாச்சு. இனி ஒரு ஈ காக்கா உள்ள போகக்கூடாது. வண்டிப்பாதை குவாரிக்குள்ள இறங்குற வாயில, சிவப்புத் துணி கட்டுன கம்பைக் குறுக்கப் பிடிச்சுக்கிட்டு, காலு ரெண்டையும் அகட்டி நின்னா இருளாயி. வெயிலு மண்டையப் பொளக்குது. வாயில கவ்வியிருக்கிற தகர விசிலு சூடேறி உதட்டைச் சுடுது, இருந்தாலும் அதைத் துப்ப மனசில்ல. பின்னால டிராக்டர் டிரெய்லரு நிழல்ல பொம்பளைக உக்காந்து வெத்தலைய மென்னுக்கிட்டு எவ மகளுக்கோ மாப்பிள்ளை பாத்த கதையப் பேசிக்கிட்டிருக்காளுக. டிரெய்லரு நிறைய நாத்து. வேம்பு, புங்கை, வாகை. அம்புட்டும் இவ கையால வெதை ஊனி, பை பையா மண்ணு நெரப்பி, தண்ணி தெளிச்சு வளத்தது. எதுக்கு? இந்தக் குழியத் தூர்க்கறதுக்கு. கல்லு இருக்குற மட்டும் நோண்டி நோண்டித் தின்னாங்க. இப்பக் குத்தகை முடிஞ்சுபோச்சு, தோண்டுனவனே பழையபடி நெலமாக்கிக் குடுத்துட்டுப் போன்னு சர்க்காரு சொல்லிருச்சு. பழையபடியாம்ல! அப்படின்னா எம் புருசனையும் சேத்துல்ல குடுக்கணும்? வீரணனை எந்தக் கணக்குல குடுப்பான் அந்தத் தவசிலிங்கம்? அவன் பேரை நெனச்சதுமே கை கம்பை இறுக்கிப் பிடிக்குது. இந்தக் கம்பு கம்பா இல்லாம கடப்பாரையா இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நெனப்பு. காலையில இருந்து இதோட எத்தனாவது தடவையோ, அவளே எண்ணலை.

கடப்பாரைன்னா எங்க எறக்கணும்னும் அவளுக்குத் தெரியும். தவசிலிங்கம் பைக்குல உக்காந்து போனைப் பாக்கும்போது கழுத்தை முன்னால நீட்டுவான். பொடனியில சட்டைக் காலருக்கு மேல ரெண்டு மடிப்புச் சதை, நடுவுல வேர்வை நிக்கிற ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துல. ஒரே குத்து. குவாரிக்கு மானேஜர்னு பேரு, மொதலாளி மதுரையில இருக்காரு, இங்க எல்லாம் இவன்தான். இவன் சொன்னா வெடி, இவன் சொன்னா சோறு. குத்தி எடுத்ததும் சத்தம் வருமா வராதா? ஆட்டைக் கழுத்தறுக்கும்போது வர்ற மாதிரி ஒரு கொர்ருனு வருமோ? சீ, என்ன நெனப்பு இது பட்டப்பகல்ல, பின்னாடி பொம்பளைக சிரிச்சுக்கிட்டிருக்கும்போது. ஆனா நெனப்பு என்ன இவ சொல்லியா வருது? ராத்திரிச் சோறு கிண்டும்போது வரும். நாத்துப் பையில மண்ணை அமுக்கும்போது வரும். பெருவிரலை வச்சு அமுக்க அமுக்க, அது மண்ணாத் தெரியாது, அவன் கண்ணாத் தெரியும். அப்படி அமுக்கி அமுக்கி வளத்த நாத்துதான் அம்புட்டும். அதுக நல்லாத்தான் வளந்திருக்கு, ஒண்ணு கூடப் பட்டுப்போகலை.

திட்டம் போட வந்த இன்ஜினியரம்மா, தேன்மொழின்னு பேரு, நல்ல பிள்ளை. வெயிலுக்குத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, டிராக்டரு பானெட்டு மேல படத்தை விரிச்சு வச்சு எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டுச்சு. "இந்தத் தெற்குச் சுவரு செங்குத்தா நிக்குது. இதை இப்படியே விட்டுட்டு மேல மரம் நட்டா ஆடு மாடு விழும், மனுசன் விழுவான். மேல இருந்து வெடிவச்சுச் சரிச்சு, படிப்படியா எறக்கிருவோம். படிக்குப் படி கல்லு அரைக்கிற கிரஷர் தூசியக் கொட்டி, ஆரம்பத்துல தோண்டி ஓரமாக் குவிச்சு வச்சிருக்கிற மேல்மண்ணை அதும் மேல பரப்பி, பிறை மாதிரி வரப்புக் கட்டுனா பேயற கொஞ்ச மழையும் செடி மூட்டுலயே நிக்கும். என்ன மரம் வரும்னு நீங்கதான் சொல்லணும்க்கா." தவசிலிங்கம் பல்லைக் குத்திக்கிட்டே சொன்னான், "எதுக்கு மேடம் இம்புட்டு? ஆபீசருங்க வர்ற அன்னைக்கு நாலு வேப்பங்கொப்பை வெட்டி ஊனிவச்சாப் பச்சையாத் தெரிஞ்சுட்டுப் போகுது." அந்தப் பிள்ளை அவனைப் பாத்த பார்வை இருக்கே! "அப்படின்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்"னு ஒரே வார்த்தை. இருளாயிக்கு அப்பக் குளுந்துச்சு. வேம்பும் வாகையும் வரும்மா, ஓரத்துல ஆவாரையத் தூவிவிடுங்கன்னு வாய் தானாச் சொல்லிருச்சு. சொன்ன பெறகு தன்னையே அறைஞ்சுக்கணும் போல இருந்துச்சு. அந்தப் பிள்ளை பென்சிலை வச்சு, தூசி கொட்டுற எடம்னு கோடு போட்டுச்சே, தெற்குச் சுவரு அடி, கெழக்கு மூலை, அது எந்த எடம்? வீரணன் சிதறுன எடம். அவன் இடது காலு இன்னைவரைக்கும் கெடைக்காத எடம்.

காலு இல்லாமத்தான் பொதச்சாங்க. ஒரு உரச்சாக்கு, ஒரு வேட்டி, அம்புட்டுத்தான் அவன். இருளாயி ரெண்டு நாளு அந்த மூலையில கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடுனா. நகமெல்லாம் பேந்துபோச்சு. ஒரு செருப்புக் கெடைச்சது, அதுவும் வலது காலுச் செருப்பு. மூணாம் நாளு போய்ப் பாத்தா ரத்தம் கெடந்த எடமெல்லாம் தூசியக் கொட்டிக் கூட்டிவிட்டிருந்தான் தவசிலிங்கம். "வேலை நடக்கணும்ல தாயி"ன்னான். தாயியாம், தாயி. இப்பத் தூசி, அதுக்கு மேல மண்ணு, அதுக்கு மேல மரம். அந்தக் காலைத் தின்னு ஒரு வேப்பமரம் வளரும். ஆடு வந்து நெழல்ல படுக்கும். வளரட்டும், வளந்தா என்ன, மரம்தான? ஆனா அந்த மரத்தை நடப்போறது என் கையாச்சே! எம் புருசன் காலை நானே மூடணுமா? என்னைய விட்டா வேற ஆளே இல்லையா இந்த ஊருல? இல்லதான். மானம் பாத்தா அடுப்பு எரியாதுன்னு கேட்டு வாங்குன வேலைதான இது. யாரைக் குத்தம் சொல்ல?

டொம்.

மொத வெடி. உள்ளங்கால்ல ஏறுச்சு. சத்தம் காதுக்கு வர்றதுக்கு முந்தியே தரை செருப்பு வழியாச் சொல்லிரும். பெறகு வடக்குச் சுவரு அதே சத்தத்தை வாங்கித் திருப்பி அடிச்சது. மொத்தம் பதினோரு குழி. மரியசூசை, வெடி வைக்கிற லைசென்சுக்காரரு, காலையிலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஒரு குழிக்கு ஒரு திரி, வரிசையாக் கொளுத்திட்டு ஓடிவந்து மறைவுல உக்காந்துக்கிடணும். வெடிக்க வெடிக்க எண்ணணும். குழி எத்தனையோ அத்தனை சத்தம் கேக்கணும். கேட்டா நீள விசிலு ஒண்ணு ஊதுவாரு, அதுக்குப் பெறகுதான் ஆளு உள்ள போகணும். ஒண்ணு குறைஞ்சா ஒண்ணு உள்ளயே உக்காந்திருக்குன்னு அர்த்தம். அது செத்துங் கெடக்கலாம், தூங்கியுங் கெடக்கலாம். ரெண்டு, மூணு. கல்லு சரியிற சத்தம். தெற்குச் சுவரு பெரிய மாடு படுக்குற மாதிரி முன்னங்காலை மடக்கிச் சாயுது. நாலு. வீரணன் செத்த அன்னைக்கும் இப்படித்தான். அன்னைக்கு எண்ணுனது லைசென்சுக்காரன் இல்ல, இந்தத் தவசிலிங்கம். லாரி நிக்குது, லாரி நிக்குதுன்னு பறந்துக்கிட்டு நின்னான். அஞ்சு. "சரியாப் போச்சு, போய்க் கல்லைத் தட்டிவிடு வீரணா"ன்னான். "அண்ணே, ஒண்ணு குறையுதுண்ணே, கடைசியா வந்தது வடக்குச் சுவரு போட்ட எதிரொலிண்ணே"ன்னு அவன் சொன்னதை இவ காதாரக் கேட்டா, பத்தடி தள்ளிச் சல்லி அள்ளிக்கிட்டு இருந்தவளாச்சே. ஆறு. "காது செத்த பயலே, எனக்கு எண்ணச் சொல்லித் தர்றியா"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இவளுந்தான் சிரிச்சா. ஏழு. புருசன் கடப்பாரையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, அவளைப் பாத்து ஒரு மாதிரி வாயைக் கோணிட்டுப் போனான். ரோசக்காரன். எட்டு.

ஒம்பது. பத்து. தூசி மேல கெளம்பி வெயிலையே மறைக்குது. பதினொண்ணு? காதுல கேட்டுச்சு. டொம்னு நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா காலு ஒண்ணும் சொல்லலையே. உள்ளங்கால்ல ஏறலையே. வடக்குச் சுவருல்ல அது? பத்தாவது பெரிசா வெடிச்சது, அதை ரெண்டு தடவை தூக்கி எறிஞ்சிருக்கு வடக்குச் சுவரு. பத்துத்தான். ஒண்ணு நிக்குது. கெழக்கு மூலையிலயா, நடுவுலயா, எங்கன்னு தெரியலை, ஆனா நிக்குது. நீள விசிலு வரும் வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னா. வரலை. மரியசூசை அந்தப் பக்கப் பாறை மறைவுல இருக்காரு. அவரும் எண்ணியிருப்பாரு, அதான் ஊதலை, நேரம் போகட்டும்னு பேசாம உக்காந்திருக்காரு. இங்க இருந்து பாத்தா அவரு தெரிய மாட்டாரு, அவருக்கும் இந்தப் பாதை தெரியாது. பொம்பளைக எந்திரிச்சுச் சேலையத் தட்டுனாளுக. "முடிஞ்சாச்சாக்கா?"ன்னு ஒருத்தி கேட்டா. "இரு"ன்னா இருளாயி. வாயில விசிலு இருந்ததுனால அது வார்த்தையா வரலை, உறுமலாத்தான் வந்துச்சு.

அப்பத்தான் பின்னால பைக்குச் சத்தம். திரும்பிப் பாக்கவே வேண்டாம், சைலன்சரு உடைஞ்ச அந்தச் சத்தம் அவளுக்குத் தூக்கத்துலயும் தெரியும். தவசிலிங்கம் வந்து பக்கத்துல நிறுத்துனான். ஒரு காலைத் தரையில ஊனிக்கிட்டு, கர்ச்சீப்பால பொடனியத் தொடச்சான். அதே பள்ளம். "என்ன இருளாயி, ஆபீசுல இருந்தே எண்ணிட்டேன், பதினொண்ணும் போச்சுல்ல?" கேட்டுட்டான். வேற யாருகிட்டயும் கேக்கலை, அவகிட்டக் கேட்டான். வாயில விசிலு, கையில கம்பு, நாக்குக்கு அடியில பதிலு. இல்லன்னு ஒரு வார்த்தை. மூணே எழுத்துச் சின்ன வார்த்தை, ஒரு துப்புத் துப்புனாப் போதும். "மத்தியானம் ஆபீசரு வர்றாரு, சரிவு நல்லா விழுந்திருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன். மரியசூசை விசிலு ஊதுறப்ப ஊதட்டும், அவனுக்கு என்ன, கூலிக்கு உக்காந்திருக்கான்." கம்பு தாந்துச்சு. யாரு தாத்துனது? அவ கைதான், வேற யாரு கை? தலையை ஆட்டுனாளா இல்லையா, அதுதான் அவளுக்கே விளங்கலை. கழுத்து அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. இல்ல, காத்துக்கு முந்தானை அசைஞ்சதோ என்னமோ. பைக்கு அவளை ஒரசிக்கிட்டு உள்ள இறங்கிப் போச்சு. சைலன்சரு சத்தம் தூசிக்குள்ள சின்னதாகிச் சின்னதாகி நின்னே போச்சு. எறங்கி நடக்குறான்.

போயிட்டான். விட்டுட்டேன். ஐயோ, விட்டுட்டேனே. ஏன் ஐயோ? எதுக்கு ஐயோ? மூணு வருசமா எந்தச் சாமிகிட்ட என்ன கேட்ட நீ? முனியாண்டி, இப்ப. இப்பவே. கெழக்கு மூலையில காலை வைக்கட்டும், அந்தக் கல்லுல வைக்கட்டும், தூங்குற மருந்து முழிக்கட்டும். அவன் பொடனியும் அந்த ரெண்டு மடிப்பும் வடக்குச் சுவரு வரைக்கும் தெறிக்கட்டும். அவன் பொண்டாட்டி வந்து கல்லைப் புரட்டட்டும், அவ நகமும் பேரட்டும். ஒரு காலு கெடைக்காமப் போகட்டும். அவ எனக்கு என்ன செஞ்சா பாவம்? கருமாதிக்கு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாளே, அவளா? அவதான், அவளுந்தான், தேடட்டும்! நான் கத்தியெடுத்தேனா? தள்ளிவிட்டேனா? ஒண்ணும் செய்யலை. கேட்டான், பேசலை, அம்புட்டுத்தான். பேசாம இருக்குறது ஒரு குத்தமா? வீரணன் பேசுனான், என்ன கெடைச்சுச்சு, சிரிச்சாங்க. போலீசு கேட்டா நான் எண்ணத் தெரியாத பொம்பளைன்னு சொல்லிருவேன். சொல்லிட்டு? வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்குவேனா? பொங்குவேன். தட்டு நிறையத் தின்னுவேன். வெடி, வெடிச்சுத் தொலையேன் சனியனே. பல்லு விசிலைக் கடிச்சுக் கடிச்சுத் தகரம் நசுங்கிருச்சு. வாயெல்லாம் துரு ருசி. இல்ல, ரத்தமோ. காது ரெண்டும் அப்படியே தரையில ஒட்டிக்கிடந்த மாதிரி, காலு ரெண்டும் காதாயிட்ட மாதிரி, உடம்பே ஒரு சத்தத்துக்காகக் காத்துக் கெடக்குது. ஒரு சின்னக் கல்லு உருளுற சத்தத்துக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்துட்டுப் போச்சு. அதுல சந்தோசம் எம்புட்டு, பயம் எம்புட்டுன்னு பிரிச்சுப் பாக்க அவளால முடியலை. பின்னால எவளோ "ஏக்கா, ஒனக்கு என்ன மேலெல்லாம் நடுங்குது, வெயிலு ஏறிருச்சா"ன்னு கேட்டா.

சைலன்சரு சத்தம் மறுபடி கேட்டுச்சு. வந்துட்டான். முழுசா, ரெண்டு காலோட, மீசையெல்லாம் தூசியா, சிரிச்ச முகமா வந்துட்டான். முனியாண்டி, நீயும் அவங்கிட்டக் கூலி வாங்குறியா? "சும்மா சொல்லக்கூடாது, மேடம் கேட்ட மாதிரியே சரிஞ்சு கெடக்கு"ன்னு சொல்லிக்கிட்டே டிராக்டரு பக்கம் கையைக் காட்டுனான். "ஏத்தா, எல்லாரும் ஏறுங்க. டிரைவரே, வண்டிய எடு. கெழக்கு மூலையில இருந்தே குழி எடுக்க ஆரம்பிங்க, ஆபீசரு வரும்போது நாலு செடி நட்டு நிக்கணும்." பொம்பளைக ஏறுனாளுக. மம்பட்டிய எடுத்துப் போட்டாளுக. குழி எடுக்கணும்னா மம்பட்டி போடணும், கடப்பாரை போடணும். ஓங்கி ஓங்கிப் போடணும். வெடிக்காத மருந்து எங்க கெடக்கோ, அதும் மேல. டிராக்டரு உறுமி நகண்டுச்சு. இருளாயி பாதை நடுவுல போய் நின்னு கம்பைக் குறுக்கப் பிடிச்சா. விசிலைத் துப்புனா.

"நிப்பாட்டு. யாரும் உள்ள போகக்கூடாது."

"ஏய், என்ன, கிறுக்குப் பிடிச்சிருச்சா? நானே போயிட்டு வந்துட்டேன்." தவசிலிங்கம் பைக்கை நிறுத்திட்டு வந்தான். "விலகுடி."

"நீள விசிலு ஊதலை."

"நான் சொல்றேன், அதைவிடப் பெரிய விசிலு என்னடி?" கம்பைப் பிடிச்சு இழுத்தான். இவ விடலை. தள்ளுனான், முழங்காலு கல்லுல இடிச்சுக் கீழ விழுந்தா. எந்திரிச்ச வேகத்துல கம்பைச் சுத்தி அவன் தாடையில விட்டா ஒண்ணு. பல்லு மோதுற சத்தம் கேட்டுச்சு. ஒதடு கிழிஞ்சு ரத்தம் மீசைத் தூசியில கலந்து ஒழுகுச்சு. அடுத்த அடி கழுத்துலதான், அந்தப் பள்ளத்துலதான் விழுந்திருக்கும், கையும் ஓங்கியாச்சு. டிரைவரு குதிச்சு வந்து பின்னால இருந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். பொம்பளைக கத்துறாளுக. "ஏறாதீகடி, எறங்குங்கடி கீழ, செத்துப்போவீகடி"ன்னு இருளாயி தொண்டை கிழியக் கத்துனா. "கொன்னுபுடுவேன், அந்த டயரு ஒரு சாணு நகண்டா எல்லாத்தையும் கொன்னுபுடுவேன்!" சாகாமக் காப்பாத்துறதுக்குக் கொன்னுபுடுவேன்னு கத்துற கூத்து அவளுக்கே அப்ப உறைக்கலை.

அந்தக் கூச்சலுக்கு மேல இன்னொரு குரலு கேட்டுச்சு. தூசிக்குள்ள இருந்து மரியசூசை ரெண்டு கையையும் தலைக்கு மேல ஆட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. "எறங்காதீங்க! குவாரிக்குள்ள யாரும் எறங்காதீங்க! ஒண்ணு நிக்குது! கெழக்கு மூலையில ஒண்ணு நிக்குது, நான் தனியாப் பாத்துக்கிடுறேன், எல்லாரும் வெளிய போங்க!"

டிரைவரு பிடிய விட்டான். பொம்பளைக ஒருத்தி பின்னால ஒருத்தியா டிரெய்லர்ல இருந்து குதிச்சாளுக. ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. தவசிலிங்கம் மரியசூசையப் பாத்தான், கெழக்கு மூலையத் திரும்பிப் பாத்தான், தான் நடந்து வந்த எடத்தை அப்படியே கண்ணால அளந்தான். பெறகு தன் காலைப் பாத்தான். முகத்துல இருந்த தூசிக்கு அடியில இருந்த நிறமெல்லாம் எங்கயோ போயிருச்சு. மெதுவா இருளாயி பக்கம் திரும்புனான். ரத்தத்தைத் தொடைக்கக்கூடக் கை வரலை அவனுக்கு.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நான் உள்ள போகும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன்டி என்னைய விட்ட?"

எல்லாரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க. டிராக்டரு மட்டும் ஆளில்லாம உறுமிக்கிட்டிருந்துச்சு. வீரணன், காலு, தூசி, சிரிப்பு, மூணு வருசம்னு சொல்றதுக்கு எம்புட்டோ இருந்துச்சு. வந்தது இம்புட்டுத்தான்.

"வெடிக்கும்னுதான் விட்டேன். வெடிக்கலை."

சொல்லிட்டு, அவுந்து கீழ கெடந்த சிவப்புத் துணியை எடுத்துக் கம்புல திரும்பக் கட்டுனா.